கருவி காட்டும் எண் வலிமை அல்ல: கான்கிரீட்டையும் கல்லையும் உடைக்காமல் சோதிப்பது எப்படி?

பானை வாங்கப் போகிறவர் சுண்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை. 'டங்' என்று கேட்டால் நல்ல பானை. 'டொக்' என்று கேட்டால் எங்கோ ஒரு கீறல் இருக்கிறது. பானைக்குச் சேதமில்லை, ஆனால் உள்ளே இருப்பதைப் பற்றி ஒரு துப்புக் கிடைத்துவிடுகிறது. கட்டடங்களை உடைக்காமல் சோதிக்கும் முறைகளெல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன.

பானையைச் சுண்டிப் பார்த்தவர், 'இது இன்னும் 12 வருஷம் உழைக்கும்' என்று சொல்வதில்லை. கட்டட விஷயத்தில் மட்டும் அப்படிச் சொல்லப்படுகிறது. "ஸ்கேன் பண்ணியாச்சு, எம்20 வந்திருக்கு" என்றும், "என்.டி.டி. ரிப்போர்ட் நல்லா இருக்கு, 25 வருஷத்துக்குக் கவலையில்ல" என்றும் அடுக்ககச் சங்கக் கூட்டங்களில் பேசிக்கொள்கிறார்கள். எம்20 என்பது கான்கிரீட்டின் வலிமைத் தரம், என்.டி.டி. என்பது சிதைக்காச் சோதனையின் ஆங்கிலச் சுருக்கம். வலிமை, ஆயுள் இரண்டையும் எந்தக் கருவியும் தானாகச் சொல்லாது. பிறகு என்னதான் சொல்லும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வலிமை என்றால் எது?

கான்கிரீட்டின் வலிமை என்பது நசுக்கினால் மட்டுமே தெரியும் விஷயம். 150 மி.மீ. கனசதுரமாக வார்த்து, 28 நாள் தண்ணீரில் வைத்திருந்து, இயந்திரத்தில் நசுக்கிப் பார்க்கிறார்கள். எம்20 என்றால் ஒரு சதுர மி.மீ.க்கு 20 நியூட்டன். அந்தக் கனசதுரம் உடைய ஏறக்குறைய 46 டன் அழுத்தம் வேண்டும்.

நின்றுகொண்டிருக்கும் தூணை இப்படி நசுக்க முடியாது. அதனால் வலிமையோடு சேர்ந்து ஏறி இறங்கும் வேறொன்றை அளக்கிறோம். மேற்பரப்பின் கடினம், உள்ளே ஒலி ஓடும் வேகம் போன்றவை அவை. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரும் இப்படித்தான். அது வெப்பத்தைக் காட்டுமே தவிர டைபாய்டா மலேரியாவா என்று சொல்லாது. சிதைக்காச் சோதனை என்ற பெயருக்குப் பொருள் இதுதான்: பொருளின் பயனைக் கெடுக்காமல், அதன் ஒரு குணத்தை அளந்து, வேறொரு குணத்தை ஊகிப்பது.

சுத்தியல் துள்ளும் கதை

பந்தைச் சிமெண்ட் தரையில் போட்டால் துள்ளும், மணலில் போட்டால் அமுங்கும். ரீபவுண்ட் ஹாமரின் தத்துவம் இவ்வளவுதான். சுவிஸ் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்மிட் 1940களின் இறுதியில் உருவாக்கியதால் ஷ்மிட் சுத்தியல் என்றும் பெயர். குழாய்க்குள் ஒரு ஸ்பிரிங், ஓர் எஃகு எடை, முனையில் ஒரு கம்பு. முனையைக் கான்கிரீட்டில் வைத்து அழுத்தினால் ஸ்பிரிங் விடுபட்டு எடை மோதும், பின்னால் துள்ளும். துள்ளிய தூரம் அளவுகோலில் ஓர் எண்ணாகத் தெரியும். அதற்குத் துள்ளல் எண் என்று பெயர். சாதாரணக் கான்கிரீட்டுக்கு உரிய சுத்தியலின் மோதல் ஆற்றல் சுமார் 2.25 நியூட்டன் மீட்டர். ஒரு கிலோ எடைக்கல் 23 செ.மீ. உயரத்திலிருந்து விழுகிற அடிக்குச் சமம்.

செய்முறை எளிது. எளிதாக இருப்பதாலேயே தப்பும் அதிகம். முதலில் பூச்சை எடுத்துவிட வேண்டும். பூச்சின் மேல் அடித்தால் பூச்சின் கடினம்தான் வரும். பிறகு கருவியோடு வரும் சாணைக்கல்லால் மேற்பரப்பைத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். சுத்தியல் பரப்புக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், விளிம்பிலிருந்து 20 மி.மீ.யாவது தள்ளி அடிக்க வேண்டும். ஓரிடத்தைச் சுற்றி ஆறு முறை அடித்து, ஒட்டாத எண்களை நீக்கிச் சராசரி எடுக்க வேண்டும். ஆறு எதற்கு? முனைக்கு நேர் கீழே ஜல்லி இருந்தால் எண் ஏறும், காற்றுக்குமிழ் இருந்தால் இறங்கும். அடித்த புள்ளியிலேயே மறுபடி அடிக்கவும் கூடாது. அந்த இடம் ஏற்கெனவே கொஞ்சம் நசுங்கியிருக்கும்.

பிடிக்கும் திசையும் முக்கியம். தளத்தின் அடிப்பக்கத்தை நோக்கி மேலே அடிக்கும்போது, துள்ளித் திரும்பும் எடைக்குப் புவியீர்ப்பு கைகொடுப்பதால் எண் கூடும். தரையை நோக்கி அடித்தால் குறையும். இதற்குத் திருத்த அட்டவணை உண்டு. அதைப் போடாமல் தூணையும் தளத்தையும் ஒரே பட்டியலில் ஒப்பிடும் அறிக்கைகள் ஏராளம்.

இவையெல்லாம் கையாளுபவரின் தவறுகள். கான்கிரீட்டே செய்யும் ஏமாற்று ஒன்று உண்டு. சுண்ணாம்பு அடித்த சுவர் காற்றுப் பட்டு இறுகுவதைப் பார்த்திருப்போம். காற்றிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்போடு சேர்ந்து அதைக் கல்லாக்குகிறது. கான்கிரீட்டிலும் அதே வேதியியல் நடக்கிறது, மேல்தோலிலிருந்து உள்நோக்கி மெல்ல மெல்ல. இதற்குக் கார்பனேற்றம் என்று பெயர். பழைய கட்டடத்தின் தோல் இப்படி இறுகிவிடுவதால் சுத்தியல் உற்சாகமாகத் துள்ளும். மோசமான நிலையில் வலிமை 50 சதவீதம் வரை கூடுதலாகத் தெரியலாம் என்று இந்தியத் தரநிலையே எச்சரிக்கிறது. மாறாக, நனைந்த கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை குறைவாகத் தெரியலாம். எல்லாம் சரியாக இருந்தாலும் கணிப்பு 25 சதவீதம் கூடவோ குறையவோ வாய்ப்புண்டு என்றும் அதே தரநிலை சொல்கிறது. அதாவது, 'எம்20' என்ற விடை 15ஆகவும் இருக்கலாம், 25ஆகவும் இருக்கலாம்.

கருவியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் வரைபடத்தைப் பார்த்து நேரே வலிமை எழுதுவது இன்னொரு பழக்கம். அந்த வரைபடம் வேறு ஜல்லி, வேறு சிமெண்ட் கொண்ட இளம் கான்கிரீட்டுக்கு வரைந்தது. உங்கள் தூணுக்கு அது பொருந்த வேண்டிய கட்டாயமில்லை.

சுருங்கச் சொன்னால், சுத்தியல் பார்ப்பது தோலைத்தான், அதுவும் சில செ.மீ. ஆழத்துக்கு. ஒரே கட்டடத்தில் எந்தத் தூண் மற்றவற்றிலிருந்து விலகி நிற்கிறது என்று கண்டுபிடிக்க அது கெட்டிக்காரக் கருவி. வலிமையை எண்ணாகச் சொல்ல அது போதாது.

ஒலியைத் துரத்துவது

உள்ளே பார்க்க ஒலி வேண்டும். மனிதக் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. அதற்கு மேற்பட்ட ஒலிக்கு மீயொலி என்று பெயர். கான்கிரீட்டுக்குப் பெரும்பாலும் 54 கிலோஹெர்ட்ஸ் பயன்படுகிறது. தூணின் ஒரு பக்கம் ஒலி அனுப்பும் முனை, எதிர்ப்பக்கம் வாங்கும் முனை. ஒலி இங்கிருந்து அங்கு போக எடுத்த நேரத்தைப் பெட்டி காட்டும். தூரத்தை நேரத்தால் வகுத்தால் வேகம்.

300 மி.மீ. தூணைக் கடக்க 75 மைக்ரோ வினாடி ஆனால், வேகம் வினாடிக்கு 4 கி.மீ. அதே தூணில் ஓரடி கீழே 100 மைக்ரோ வினாடி ஆகிறது என்று வையுங்கள். வேகம் 3 கி.மீ. ஒலி அங்கே மெதுவாக ஓடியது என்றுதான் பொருள் என்றில்லை. வழியில் வெற்றிடம் இருந்திருக்கலாம். கான்கிரீட்டிலிருந்து காற்றுக்குள் ஒலி அநேகமாக நுழையாது, முட்டித் திரும்பிவிடும். அதனால் முதலில் வந்து சேருவது சுற்றுவழியில் போன ஒலி. தேர் நிற்கும் தெருவை விட்டுப் பக்கத்துத் தெரு வழியே வண்டி போவது மாதிரிதான்.

இந்தியத் தரநிலை ஐ.எஸ். 13311இன் முதல் பகுதி 1992இல் தந்த பாகுபாடு இன்றும் அறிக்கைகளில் அதிகம் தென்படுகிறது. 4.5 கி.மீ.க்கு மேல் மிக நன்று, 3.5 முதல் 4.5 வரை நன்று, 3 முதல் 3.5 வரை நடுத்தரம், 3க்குக் கீழே சந்தேகத்துக்குரியது. இந்தச் சோதனைகள் பின்னர் ஐ.எஸ். 516இன் ஐந்தாம் பகுதிக்கு மாற்றப்பட்டுவிட்டன. ஆகவே புதிய அறிக்கையில் பழைய எண் இருந்தால் ஏன் என்று கேட்கலாம். அட்டவணை சொல்வது கான்கிரீட்டின் தரத்தை, அதாவது அடர்த்தியையும் சீரான தன்மையையும். வலிமை என்ற சொல்லே அதில் கிடையாது.

ஏன் கிடையாது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். ஒலிவேகம் கான்கிரீட்டின் விறைப்பை, அதாவது அழுத்தினால் அமுங்காமல் எதிர்க்கும் குணத்தைப் பொறுத்தது. வலிமை ஏறும்போது விறைப்பு அதைவிட மெதுவாக ஏறும், வேகம் இன்னும் மெதுவாக ஏறும். வழக்கமான சூத்திரங்களின்படி வலிமை இரட்டிப்பானாலும் வேகம் ஐந்தில் ஒரு பங்குகூட ஏறாது. எம்20க்கும் எம்40க்கும் இடையில் இருப்பது அந்தச் சின்ன இடைவெளிதான். ஜல்லி மாறினாலே வேகம் அந்த அளவுக்கு ஆட்டம் காணும்.

களத்தில் எங்கே தப்பு நேர்கிறது? முனைக்கும் கான்கிரீட்டுக்கும் இடையே தலைமுடி அளவு காற்று இருந்தாலும் ஒலி நுழையாது. அதனால்தான் கிரீஸ் தடவுகிறார்கள். பூச்சு கான்கிரீட்டிலிருந்து பிரிந்து நிற்கும் இடத்தில் பூச்சின் மேலேயே முனையை வைத்தால் நல்ல தூணும் நோயாளியாகிவிடும். தூரத்தை வரைபடத்திலிருந்து எடுப்பது அடுத்த தப்பு. தூண் உண்மையில் 290 மி.மீ. இருக்க 300 என்று போட்டால் வேகம் 3 சதவீதம் சும்மாவே கூடிவிடும். கம்பிக்கு இணையாக, அதன் அருகிலேயே அளந்தால் ஒலி இரும்பில் ஏறி ஓடிவிடும். இரும்பில் அதன் வேகம் 5 கி.மீ.க்கும் மேல். மழைக்குப் பிறகு வெடிப்பில் தண்ணீர் நின்றால் ஒலி தண்ணீர் வழியே கடந்து, வெடிப்பே இல்லாதது போல் காட்டும்.

தூணின் எதிரெதிர்ப் பக்கங்களில் அளப்பதே நம்பத்தக்கது. மறுபக்கம் கை எட்டாத தளம், தடுப்புச்சுவர் போன்றவற்றில் இரண்டு முனைகளையும் ஒரே முகத்தில் வைக்கிறார்கள். அப்போது தெரிவது மேல்படலம் மட்டும், வேகமும் குறைவாகவே வரும். அந்த எண்ணை நேர்முறை எண்ணோடு சேர்த்துச் சராசரி போடக்கூடாது.

எங்கே அளப்பது என்பதற்கும் அனுபவம் வேண்டும். தூணின் இடுப்பு உயரத்தில் வசதியாக நின்று அளந்தால் எல்லாம் நன்றாகவே வரும். கோளாறு பெரும்பாலும் தூணின் அடியில் இருக்கும். சென்ட்ரிங் பலகை இடுக்கில் சிமெண்ட் பால் கசிந்தோடி, ஜல்லி மட்டும் தேன்கூடு போல மிஞ்சிய இடம் அது. அடுத்தது கம்பி நெருக்கத்தில் கான்கிரீட் இறங்காத தூண்–பீம் சந்திப்பு. அந்த இடங்களில் கட்டம் போட்டு நெருக்கமாக அளக்க வேண்டும்.

இரண்டும் சண்டை போட்டால்

ஒரே இடத்தில் சுத்தியலும் மீயொலியும் வேறு வேறு சொன்னால் பலர் பதறி, நல்ல எண்ணை மட்டும் எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அந்த முரண்பாடுதான் சோதனையின் பலன்.

சுத்தியல் எண் அதிகம், ஒலிவேகம் குறைவு என்றால் தோல் கார்பனேற்றத்தால் இறுகியிருக்கிறது, உள்ளே வெடிப்போ தேன்கூடோ உண்டு. பழைய கட்டடங்களில் அடிக்கடி காண்பது இது. சுத்தியல் எண் குறைவு, ஒலிவேகம் நன்று என்றால் உள்ளே சரியாக இருக்கிறது, மேற்பரப்புதான் பழுது. தீப்பட்டிருக்கலாம், அமிலம் பட்டிருக்கலாம், தண்ணீர் சரியாகக் கட்டாமல் விட்டிருக்கலாம். இரண்டும் குறைவாக இருந்தால் விவாதம் வேண்டாம், கோர் எடுக்க வேண்டியதுதான்.

கோர்: கொஞ்சம் உடைத்தே ஆக வேண்டிய இடம்

கோர் என்பது வைரப் பல் வைத்த குழாயால் கட்டடத்திலிருந்து குடைந்தெடுக்கும் உருளை. இருபது மி.மீ. ஜல்லிக்கு 100 மி.மீ. விட்டம் எடுப்பது நல்லது. இது சிதைக்காத சோதனை இல்லை. ஆனால் இது இல்லாமல் மேலே சொன்ன எண்கள் எதற்கும் வலிமை என்ற அர்த்தம் வராது. நல்ல இடம், நடுத்தர இடம், மோசமான இடம் என்று சுத்தியலும் மீயொலியும் காட்டிய இடங்களிலிருந்து கோர் எடுத்து நசுக்கி, அந்த வலிமைகளை எண்களோடு பொருத்தினால், அந்தக் கட்டடத்துக்கே உரிய வரைபடம் கிடைக்கும். அதன் பிறகு கோர் எடுக்காத தூண்களின் வலிமையையும் ஓரளவு துணிந்து சொல்லலாம்.

ஐ.எஸ். 456இன்படி மூன்று கோருக்குக் குறையக்கூடாது. கனசதுர வலிமையாக மாற்றிய சராசரி, உரிய தரத்தின் 85 சதவீதமாவது இருக்க வேண்டும், எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. எம்20க்குச் சராசரி 17, தனி எண் 15. குடைவதற்கு முன் கம்பி எங்கே என்று பார்த்துக்கொள்வது அவசியம். முதன்மைக் கம்பியை வெட்டிவிட்டு வலிமை தேடுவதில் பயனில்லை.

கம்பியின் கதை தனி

நம் ஊர்க் கட்டடங்கள் கான்கிரீட் நசுங்கி வீணாவதைவிட, கம்பி துருவேறி வீணாவதே அதிகம். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அது வீங்கி, மூடியிருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிவிடும். கடற்கரை ஊர்களில் பால்கனி அடிப்பக்கம் பாளம் பாளமாக உதிர்வது இதனால்தான்.

கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதைக் கவர் மீட்டர் காந்தப்புலத்தால் காட்டும். கம்பியை மூடியுள்ள கான்கிரீட்டின் கனத்துக்குத்தான் கவர் என்று பெயர். இரண்டு கம்பி ஒட்டிக் கிடந்தால் ஒரே தடித்த கம்பி என்று எண்ணிக்கொண்டு, கவரைக் குறைத்துக் காட்டும்.

கார்பனேற்றம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்கப் பினாப்தலீன் கரைசல் போதும். புதிதாக உடைத்த முகத்தில் தெளித்தால் காரத்தன்மை உள்ள இடம் இளஞ்சிவப்பாகும், அதை இழந்த இடம் நிறம் மாறாது. காரத்தன்மைதான் கம்பிக்குக் காப்பு. தூளை ஊதித் தள்ளாமல் தெளித்தால் சிமெண்ட் தூள் சிவந்து ஏமாற்றும். இன்னொன்று: இந்தச் சோதனைக்கு உப்பு தெரியாது. கடற்கரையில் கான்கிரீட் நன்றாகச் சிவந்தாலும் உப்பால் கம்பி துருவேறிக்கொண்டிருக்கலாம்.

அந்தச் சந்தேகத்துக்கு அரைக்கல மின்னழுத்தச் சோதனை உண்டு. துருவேறுவது ஒரு சிறு பேட்டரி ஓடுவதற்குச் சமம். தாமிர சல்பேட் கரைசலில் வைத்த தாமிர முனையைக் கான்கிரீட்டின் மேல் வைத்து, கம்பிக்கும் அதற்கும் உள்ள மின்னழுத்தத்தை அளக்கிறார்கள். −350 மில்லிவோல்ட்டைவிட எதிர்மறையாகப் போனால் துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. −200ஐவிடச் சுழிக்கு அருகில் இருந்தால் துரு இல்லாதிருக்க அதே அளவு வாய்ப்பு. நடுவில் இருந்தால் தெளிவில்லை. துரு எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பது இதில் தெரியாது. எப்போதும் நீரில் மூழ்கிய கான்கிரீட்டில் ஆக்சிஜன் போகாததால், துரு இல்லாமலேயே எண் பயமுறுத்தும்.

சுத்தியலும் மீயொலியும் கான்கிரீட்டைப் பார்க்கின்றன, இந்த மூன்றும் கம்பியையும் அதன் காப்பையும் பார்க்கின்றன. ஒன்றின் நற்சான்று மற்றதுக்குச் செல்லாது.

கல்லுக்கு வந்தால்

கல்லைத் தட்டிப் பார்ப்பது நமக்குப் பழைய கலை. மணி போல ஒலித்தால் ஆண் கல், வெண்கலத் தாளம் போல ஒலித்தால் பெண் கல், ஒலிக்காவிட்டால் அலிக்கல் என்று சிற்ப மரபு பிரித்தது. முதல் இரண்டும் படிமங்களுக்கு, மூன்றாவது தளவரிசை போன்றவற்றுக்கு. பெயர் எப்படியிருந்தாலும் இயற்பியல் சரிதான். பிளவில்லாத கல்லில் அதிர்வு நீண்டு ஒலிக்கும், உள்ளே பிளவிருந்தால் உராய்ந்து அடங்கிவிடும்.

தனிக்கல்லுக்கு மீயொலி நன்றாக உதவும். அதே கல்லின் பழுதில்லாத துண்டோடு ஒப்பிட்டால் போதும். கல் சுவருக்கு வந்தால் கதை மாறுகிறது. இணைப்புகளில் உள்ள காற்றில் மீயொலி நின்றுவிடும். அங்கே சுத்தியலால் தட்டி, குறைந்த அதிர்வெண் ஒலியை அனுப்புகிறார்கள். பழைய சுவர்கள் பலவற்றில் இரு பக்கமும் செதுக்கிய கல், நடுவே சல்லியும் மண்ணும். முகத்துக்கல்லை அளந்துவிட்டுச் சுவரே நலம் என்று சொல்லிவிடக்கூடாது. நடுவே உள்ள வெற்றிடத்தையும், கற்களைப் பிணைத்த இரும்புப் பிடிகளையும் தேட ரேடார் உண்டு. ரேடியோ அலை உள்ளே போய், பொருள் மாறும் இடத்தில் எதிரொலித்துத் திரும்பும். ஈரம் அந்த அலையை விழுங்கிவிடும் என்பதால் மழைக்காலத்தில் ஆழம் குறையும்.

செதுக்கல் உள்ள கல்லில் கிரீஸ் தடவக்கூடாது, கறை போகாது. கான்கிரீட் சுத்தியலையும் கொண்டுபோகக்கூடாது. தழும்பு விழும்.

எகிப்தில் கூஃபு பிரமிடின் வடக்கு முகத்துக்குப் பின்னால் சுமார் 9 மீட்டர் நீளமுள்ள தாழ்வாரம் இருப்பது 2023இல் இப்படித்தான் உறுதியானது. முதலில் விண்ணிலிருந்து வரும் மியூயான் துகள்கள் கல்லைத் துளைத்து வரும் எண்ணிக்கையை அளந்து, அங்கே ஏதோ வெற்றிடம் என்றார்கள். ரேடாரும் மீயொலியும் இடத்தைச் சுருக்கின. கடைசியில் கல் இடுக்கு வழியே மெல்லிய கேமராவை நுழைத்துக் கண்ணால் பார்த்தார்கள். ஒரே முறையை நம்பி யாரும் முடிவு சொல்லவில்லை.

அறிக்கை கைக்கு வந்ததும்

எந்தெந்த இடத்தில் அளந்தார்கள் என்ற வரைபடம், பூச்சு எடுத்தார்களா, பரப்பு உலர்ந்திருந்ததா, சுத்தியல் எந்தத் திசையில், எஃகுப் பட்டறைக்கல்லில் அடித்துக் கருவியைச் சரிபார்த்தார்களா, கோர் எத்தனை: இவை இல்லாத அறிக்கை வெறும் எண் பட்டியல். சராசரி மட்டும் கொடுத்திருந்தால் தனித்தனி எண்களைக் கேளுங்கள். இருபது நல்ல தூண்களின் சராசரிக்குள் ஒரு மோசமான தூண் ஒளிந்துகொள்ளும்.

'மீதமுள்ள ஆயுள்' என்ற வரி இருந்தால் எந்தக் கணக்கு என்று கேளுங்கள். நேர்மையான கணக்கு ஒன்று கார்பனேற்றத்தை வைத்துப் போடுவது. அதன் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஏறும் என்று கொள்கிறார்கள். 36 வருடக் கட்டடத்தில் 18 மி.மீ. ஆழம் என்றால், 18ஐ 36இன் வர்க்கமூலமான 6ஆல் வகுத்து 3. கவர் 25 மி.மீ. உள்ள இடத்தில் 25ஐ 3ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் சுமார் 69 வருடம். கார்பனேற்றம் கம்பியைத் தொட இன்னும் 33 வருடம் இருக்கிறது. அதே கட்டடத்தில், கம்பியைப் பலகையிலிருந்து தள்ளி நிறுத்தும் கவர் பிளாக் வைக்காமல் 15 மி.மீ.க்கு இறங்கிப்போன இடத்தில் விடை 25 வருடம். அங்கே அது 11 வருடத்துக்கு முன்பே கம்பியைத் தொட்டுவிட்டது.